லேசர் செதுக்கலுக்குப் படம் அமைத்தல்: மறைந்த உருக்களைக் களையும் முறை

ஓவியர் ஒருவர் முதலில் கதிரவனைத் தீட்டி, அதன்மேல் மலையொன்றைத் தீட்டினால், மலைக்குப் பின்னே அகப்பட்ட கதிரவனின் பகுதி கண்ணுக்குப் புலப்படாது. மலையின் வண்ணம் அதனை மூடிவிடும். கணிப்பொறியில் வரையப்படும் வெக்டர் படங்களும் இவ்வாறே அமைகின்றன. ஓர் உருவின்மேல் மற்றோர் உரு வைக்கப்படுகிறது. மேலுள்ளது கீழுள்ளதை மறைக்கிறது. மறைந்தது எங்கும் போய்விடாமல் கோப்பினுள் முழுமையாகவே இருந்துகொண்டிருக்கிறது. அச்சிடுவோருக்கு இதனால் யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் அதே கோப்பு லேசர் செதுக்கு யந்திரத்துக்கு அனுப்பப்படும்போது நிலைமை மாறிவிடுகிறது. லேசர் ஒளி வண்ணம் பூசுவதில்லை. பொருளை எரித்து அகற்றுகிறது. எரிந்த இடத்தின்மேல் வேறொன்றைப் பூசி மூட அதற்கு வழியில்லை. ஆகவே செதுக்கி முடிந்த பலகையில், மலையின் மார்பின் குறுக்கே கதிரவனின் வட்டக்கோடு ஓடக் காணலாம்.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. அட்டையோ ஒட்டுப்பலகையோ ஆயின் வேறொரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் கொடுத்துச் சென்ற பரம்பரைத் தேக்குப் பெட்டியின் மூடியாயினும், மறைந்தவர் ஒருவரின் நினைவாகச் செய்யப்படும் பலகையாயினும், மாற்றுப் பொருள் என்பதே கிடையாது. பென்சிலால் இட்ட கோட்டை அழிக்கலாம்; லேசர் இட்ட கோட்டை, பலகையையே இழைத்துத் தள்ளினாலன்றி அழிக்க இயலாது. படத்தில் மறைந்த உருக்களை முன்னதாகவே களைந்துவிடுவது எவ்வாறு, களையும்போது புதிதாக முளைக்கும் தொல்லைகள் யாவை என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன.

படமும் யந்திரமும்

புகைப்படம் சிறு சதுரங்களின் தொகுதி; ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு வண்ணம் உண்டு. வெக்டர் படமோ வடிவங்களின் தொகுதி. 'இப்புள்ளியில் தொடங்கி, இவ்வளைவின் வழியே சென்று, அப்புள்ளியில் முடிக. உள்ளே நீலம் நிரப்புக' என்பது போன்ற கட்டளைகளே அதன் உள்ளடக்கம். 2001-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்ற எஸ்.வி.ஜி. அமைப்பில், கோப்பில் முன்னதாக எழுதப்பட்ட உரு முதலில் தீட்டப்படும்; பின்னால் எழுதப்பட்டது அதன்மேல் தீட்டப்படும். 'ஓவியர் முறை' என்று இதற்குப் பெயர் வழங்குவது பொருத்தமே.

மறைந்த கோடுகளைக் கண்டறிந்து விலக்கும் பிரச்சினை லேசர் செதுக்கலுக்கு முன்பே தோன்றியது. கணிப்பொறி இயக்கும் பேனா, திண்ம உருவம் ஒன்றை வரையும்போது அதன் பின்புறத்துக் கோடுகளையும் சேர்த்தே வரைந்துவிடும். இதனை நீக்கும் கணித முறையொன்றை அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1963-ஆம் ஆண்டில் வகுத்தார். 1969-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் வார்னாக் தமது ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, மறைந்த பரப்புகளைக் கண்டறியும் மற்றொரு முறையை அளித்தார். அதே வார்னாக் பின்னர் சார்லஸ் கெஷ்கியுடன் சேர்ந்து அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, அச்சுலகில் பரவிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை 1984-இல் வெளியிட்டார் என்பது சுவையான செய்தி. அம்மொழியில் மறைந்த பகுதியைக் கணக்கிடும் தொல்லையே இல்லை. மேலே பூசினால் கீழே உள்ளது மறையும், அவ்வளவே. மையினால் அச்சிடும் யந்திரத்துக்கு அஃது எளிய நல்வழி. எரித்துச் செதுக்கும் யந்திரம் வந்தபின்னர், விட்டுப்போன பழைய கணக்கை மீண்டும் போடவேண்டியதாயிற்று.

பட்டறைகளில் மரம், அக்ரிலிக், தோல், காகிதம் ஆகியவற்றைச் செதுக்கப் பெரிதும் பயன்படுவது கார்பன் டையாக்ஸைடு லேசர். இதனை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பாராமதியில் பிறந்து, புணேப் பொறியியற் கல்லூரியில் பயின்ற குமார் பட்டேல் ஆவார். இதன் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளமுடையது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியைச் சார்ந்தது. மரமும் அக்ரிலிக்கும் இவ்வொளியை நன்கு உட்கொள்ளும். மெருகிட்ட பித்தளையும் செம்பும் பெரும்பாலும் திருப்பிவிடும். 6 மி.மீ. பருமனுள்ள கற்றையை 50 மி.மீ. குவியத்தூரமுள்ள வில்லையால் குவித்தால், ஒளியின் இயல்பு அனுமதிக்கும் மிகச் சிறிய புள்ளி ஏறத்தாழ 0.11 மி.மீ. விட்டமுடையதாகும். இவ்வெண்ணை நினைவிற் கொள்வது நலம், பின்னர்ப் பயன்படும்.

யந்திரம் இரு வகையில் வேலை செய்கிறது. ஒன்றில், ஒளிமுனை வடிவத்தின் எல்லைக்கோட்டைப் பின்பற்றி ஊர்ந்து செல்கிறது. வெட்டுவதற்கும் மெல்லிய கோடு இடுவதற்கும் உகந்தது இது. மற்றொன்றில், நெசவுத்தறியின் நாடா போல் முனை இடமும் வலமுமாக ஓடி, வரிவரியாக எரித்து, வடிவத்தின் உட்பகுதியை நிரப்புகிறது. முன்னதைக் கோட்டுமுறை என்றும், பின்னதை வரிமுறை என்றும் கூறலாம். மறைந்த உரு இரண்டிலும் தொல்லை தரும். ஆயினும் தொல்லையின் தன்மை வேறு.

கோட்டுமுறையில் நிறமோ நிரப்போ கருதப்படுவதில்லை. யந்திரத்துக்கு வெள்ளை என்றொரு வண்ணம் கிடையாது. கீழுள்ள உருவை மறைப்பதற்காக ஓவியர் வைத்த வெள்ளைச் சதுரம், மறைப்பதற்குப் பதிலாகத் தானும் ஒரு சதுரக் கோடாகச் செதுக்கப்படும். வரிமுறையில், அச்சுப்பொறிக்கு அனுப்புவதுபோல் படம் முழுவதையும் முதலில் புள்ளிச் சித்திரமாக மாற்றிக்கொள்ளும் யந்திரங்கள் சில உண்டு; அவற்றில் மேலுள்ளது கீழுள்ளதை இயல்பாகவே மறைத்துவிடுவதால் களையெடுப்புத் தேவையில்லை. ஆனால் எல்லைக்கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்பகுதியைத் தானே நிரப்பும் மென்பொருள்கள் பல. அவை ஒற்றை இரட்டை விதியைப் பின்பற்றுகின்றன. வரியொன்று இடமிருந்து வலமாகச் செல்லும்போது முதற் கோட்டைக் கடந்ததும் ஒளி எரியத் தொடங்கும். இரண்டாவதைக் கடந்ததும் அணையும். மூன்றாவதில் மீண்டும் எரியும். இரண்டு உருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் இவ்விதியின்படி செதுக்கப்படாமல் வெறுமையாக நின்றுவிடும்.

ஒரு மயிற்படம்

தோகை விரித்த மயிலின் படம் இப்பாடத்துக்கு மிக ஏற்றது. ஓவியர் ஒரு பீலியை வரைந்து, அதனைப் பன்னிரண்டு முறை படியெடுத்து, விசிறிபோல் சுழற்றி அடுக்குகிறார். ஒவ்வொரு பீலியும் பக்கத்துப் பீலியின் ஓரத்தை மறைக்கிறது. பீலியின் கண்ணோ, பெரியதும் சிறியதுமான நான்கு முட்டை வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆக்கப்பட்டது. இவையனைத்தின் மேலும் மயிலின் உடல் அமர்ந்திருக்கிறது. திரையில் பார்த்தால் அழகிய மயில். இங்க்ஸ்கேப் மென்பொருளில் காட்சி முறையை எல்லைக்கோட்டுத் தோற்றத்துக்கு மாற்றிப் பார்த்தால், வண்ணங்கள் யாவும் மறைந்து, கோடுகள் மட்டும் எஞ்சும். உடலின் நடுவே பன்னிரண்டு பீலிகளின் அடித்தண்டுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முள்வேலிபோல் தோன்றும். யந்திரம் காண்பது இந்த வேலியையே. எந்தப் படமாயினும் செதுக்கத் தொடங்குமுன் ஒருமுறை இத்தோற்றத்தில் பார்ப்பது, ஒரு நிமிடம் செலவாகும் பழக்கம். அதனால் மீளும் பொருள்கள் பல.

கண்ணின் நான்கு முட்டைகள் ஒற்றை இரட்டை விதியில் ஒரு வேடிக்கை காட்டும். வெளி வளையம் எரியும், அடுத்தது எரியாது, மூன்றாவது எரியும், நடுப்பகுதி எரியாது. இது தற்செயலாக அழகாகவும் இருக்கக்கூடும். அதனைக் கண்டு விதி நன்மையே செய்கிறது என எண்ணிவிடக்கூடாது. பீலிகள் ஒன்றோடொன்று படியும் ஓரங்களில் அதே விதி கருமையும் வெண்மையுமான அர்த்தமற்ற திட்டுகளை உண்டாக்கும்.

உருக்களை வெட்டி ஒட்டும் செயல்கள் வெக்டர் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உள்ளன. ஆங்கிலக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் வகுத்த தருக்க இயலின் பெயரால் இவை பூலியன் செயல்கள் எனப்படும். இரு உருக்களைச் சேர்த்து ஒன்றாக்குவது யூனியன், அதாவது இணைத்தல். மேலுள்ள உருவின் அளவுக்குக் கீழுள்ளதை வெட்டியெடுப்பது டிஃபரன்ஸ், அதாவது கழித்தல். கீழுள்ளதைத் துண்டுகளாகப் பிரித்து, எல்லாத் துண்டுகளையும் வைத்துக்கொள்வது டிவிஷன், அதாவது பகுத்தல். கீழுள்ளதன் கோட்டை மட்டும் சந்திக்கும் இடங்களில் அறுத்துவிடுவது கட் பாத், அதாவது கோடறுத்தல். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் டிரிம் என்னும் பெயரால், மறைந்த பகுதிகளையெல்லாம் ஒரே சொடுக்கில் நீக்கும் கட்டளையும் உண்டு.

இங்க்ஸ்கேப்பில் கழித்தலைச் செய்யும்போது மேலுள்ள உரு தன் வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும். ஆகவே முதலில் அதனைப் படியெடுத்துக்கொண்டு, படியைக் கொண்டே கழிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் தடுமாறுவர்.

மேலும் ஓர் எச்சரிக்கை. ஓர் உருவின் வெளியே பிதுங்கும் பகுதியைத் திரையில் மறைக்கக் கிளிப், மாஸ்க் என்னும் வசதிகளைப் பலர் கையாளுகின்றனர். இவை சாளரத்துக்கு இட்ட சட்டம் போன்றவை. சட்டத்துக்கு வெளியே உள்ளது தெரியாதே தவிர, அங்கேயே இருக்கும். அவற்றைப் பொருட்படுத்தாத லேசர் மென்பொருளில் பிதுங்கிய பகுதி முழுவதும் செதுக்கப்பட்டுவிடும். அவ்வாறே, 2 மி.மீ. தடிப்புள்ள கோடு என ஓவியர் கருதுவது கோப்பில் நடுக்கோடு ஒன்றே. தடிப்பு வெறும் தோற்றம். கழித்தலும் நடுக்கோட்டைக் கொண்டே நடக்கும். தடிப்பு வேண்டுமாயின் அக்கோட்டை முதலில் உருவாக மாற்றிக்கொண்டு, அதன் பின்னரே வெட்டவும் ஒட்டவும் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் பீலித் தண்டின் ஓரம் மயிலின் உடலுக்குள் 1 மி.மீ. நுழைந்திருக்கும்.

கழித்தலில் ஒளிந்துள்ள பிழை

மறைந்ததைக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது எனப் பலர் கருதுகின்றனர். முடிவதில்லை. 60 மி.மீ. விட்டமுள்ள இரு வட்டங்களை, மையங்களுக்கிடையே 40 மி.மீ. இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒவ்வொரு வட்டத்தின் சுற்றளவும் 188.5 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 377 மி.மீ. கீழ்வட்டத்தின் கோட்டில் மேல்வட்டத்துக்குள் மறைந்துள்ள வில்லின் நீளம் 50.5 மி.மீ. இப்பொழுது மேல்வட்டத்தைக் கீழ்வட்டத்திலிருந்து கழித்தால் கீழ்வட்டம் பிறைவடிவமாகிறது. மறைந்த 50.5 மி.மீ. வில் போய்விட்டது, உண்மையே. ஆனால் பிறைக்கு உட்புறமாகக் குழிந்த ஓர் ஓரம் உண்டு. அது மேல்வட்டத்தின் ஓரத்தோடு அணுவளவும் பிசகாமல் ஒன்றியிருக்கிறது. அதன் நீளமும் 50.5 மி.மீ. யந்திரம் கடக்கவேண்டிய கோட்டின் மொத்த நீளம் முன்போலவே 377 மி.மீ.! நடுவே ஓடிய வேண்டாத கோடு மறைந்து, அதற்கு ஈடாக, வேண்டிய கோடு ஒன்று இரட்டித்துவிட்டது.

திரையில் இது தெரியாது. எல்லைக்கோட்டுத் தோற்றத்திலும் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்திய இரு கோடுகள் ஒரு கோடாகவே காணும். தெரிவது பலகையிலேதான். 40 வாட் கற்றை வினாடிக்கு 20 மி.மீ. வேகத்தில் செல்லும்போது கோட்டின் ஒவ்வொரு மி.மீ. நீளத்திலும் 2 ஜூல் சக்தி இறங்குகிறது. இரட்டித்த கோட்டில் 4 ஜூல் இறங்கும். மெல்லியதாக இருக்கவேண்டிய கோடு ஆழ்ந்து கருகும். மெல்லிய மரத்தகட்டில் ஊடுருவியும் விடும். அக்ரிலிக்கில் முன்பே சூடேறிய பள்ளத்தில் மீண்டும் ஒளி விழுவதால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

பரிகாரம் வேலையைப் பொறுத்தது. கோட்டுமுறையாயின் கழித்தலைக் காட்டிலும் கோடறுத்தலே சிறந்தது. கீழ்வட்டத்தின் கோட்டைச் சந்திப்பு இடங்கள் இரண்டிலும் அறுத்து, உள்ளே அகப்பட்ட வில்லை எடுத்தெறிந்துவிட்டால், 138 மி.மீ. நீளமுள்ள திறந்த வில் ஒன்றும், முழு மேல்வட்டமும் எஞ்சும், மொத்தம் 326.5 மி.மீ. எக்கோடும் இருமுறை எரியாது. திறந்த வில்லுக்கு உட்பகுதி இல்லையாதலால் வரிமுறைக்கு இது பயன்படாது.

வரிமுறையில் வேறொரு கேள்வி எழுகிறது. பிறையும் வட்டமும் ஒரே கருமையில் நிரப்பப்பட்டால், எவ்வளவு திறமையாகக் கழித்திருந்தாலும் இரண்டும் கலந்து ஒரே கரிய திட்டாகிவிடும். எது முன்னது, எது பின்னது என்பது புலப்படாது. ஆகவே கழிப்பதற்குமுன் மேலுள்ள உருவின் படியை எல்லாப் பக்கமும் சிறிது பெருக்கிக்கொண்டு கழிக்க வேண்டும். 0.4 மி.மீ. பெருக்கினால் இரு உருக்களுக்கும் இடையே அவ்வளவு அகலமுள்ள இடைவெளி கிடைக்கும். ஒளிப்புள்ளியின் பருமனும் சூடு பரவுதலும் இருபுறமும் சற்றே அரித்த பின்னரும் எரியாத மரவரப்பு ஒன்று எஞ்சும். 0.1 மி.மீ. இடைவெளி விட்டால் திரையில் தெரியும். மரத்தில் தெரியாது, ஏனெனில் ஒளிப்புள்ளியே 0.11 மி.மீ. அகலமுடையது. மயிலின் பன்னிரண்டு பீலிகளையும் தனித்தனியே காட்டுவது இந்த மெல்லிய வரப்புகளே. மரத்தில் அச்சுக்கட்டை வெட்டுவோர் நெடுங்காலமாக அறிந்த உத்தி இது. இராஜஸ்தானத்துப் பக்ருவில் துணி அச்சுக்கட்டை செதுக்குவோர் எல்லைக்கோட்டுக்கு 'ரேக்' என்றும், உட்பகுதியின் நிரப்புக்குத் 'தத்தா' என்றும் தனித்தனிக் கட்டைகளைச் செய்வர். மறையப்போகும் கோட்டை உளியால் வெட்டி எவரும் உழைப்பை வீணாக்குவதில்லையாதலால், அவர்களுக்கு இக்கட்டுரையின் பிரச்சினையே எழுவதில்லை.

மைசூரில் புகழ்பெற்ற பதிப்பு வேலையைப்போல் வெவ்வேறு நிறமுள்ள மரத்தகடுகளை வெட்டிப் பொருத்துவதாயின், முறை மீண்டும் மாறுகிறது. இங்கு ஒவ்வொரு நிறமும் தனித் தகட்டிலிருந்து வெட்டப்படுவதால் இரட்டைக் கோடு தீங்கன்று, அவசியமே ஆகும். கழித்தலை இடைவெளியின்றிச் செய்யவேண்டும். அன்றியும் ஒளி வெட்டும்போது 0.2 மி.மீ. அகலமுள்ள பொருள் ஆவியாகிறதெனில், ஒவ்வொரு துண்டும் எல்லாப் பக்கமும் 0.1 மி.மீ. குறைந்துபோகும். அக்குறையை ஈடுசெய்யத் துண்டுகளை அந்த அளவுக்குப் பெருக்கி வெட்டினால் பொருத்து இறுக்கமாக அமையும்.

மேலிருந்து கீழாக

பன்னிரண்டு பீலிகளில் எதனை எதிலிருந்து கழிப்பது? இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டால் 66 இணைகள் வரும். பொறுமை கெடும், பிழையும் நுழையும். இதற்கு எளிய ஒழுங்கு ஒன்று உண்டு. மிக மேலே உள்ள உருவிலிருந்து தொடங்க வேண்டும். அதனை யாதும் மறைப்பதில்லையாதலால் அப்படியே விட்டுவிடலாம். அதன் படியொன்றை 'மூடி' எனத் தனியே வைத்துக்கொள்க. அடுத்துக் கீழேயுள்ள உருவை எடுத்து, அதன் முழு வடிவத்தையும் ஒரு படியெடுத்த பின்னர், உருவிலிருந்து மூடியைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதே கண்ணுக்குத் தெரியும் பகுதி. எடுத்து வைத்த முழுப் படியை மூடியோடு இணைத்து மூடியைப் பெரிதாக்கிக்கொண்டு, அடுத்த உருவுக்கு இறங்கலாம். உடலும் பன்னிரண்டு பீலிகளும் சேர்ந்த மயிற்படத்தில் பன்னிரண்டு கழித்தல்களோடு வேலை முடிந்துவிடும். கீழிருந்து மேலாகச் சென்றால் இவ்வெளிமை கிட்டாது. ஒவ்வோர் உருவையும் அதற்கு மேலுள்ள யாவற்றாலும் திரும்பத் திரும்ப வெட்ட நேரும்.

இவ்வேலையைத் தொடங்குமுன் மூலக் கோப்பைத் தனியே காப்பது இன்றியமையாதது. கழித்த உருவை மீண்டும் வளர்க்க முடியாது. பீலியைச் சற்றே நகர்த்தவேண்டுமென வாடிக்கையாளர் பின்னர்க் கூறினால், வெட்டுண்ட துண்டுகளை நகர்த்திப் பயனில்லை. கீழே வெற்றிடமே வெளிப்படும். வட்டு இடம் மிச்சமாகுமென்று ஒரே கோப்பை வைத்துக்கொள்வது வீண் சிக்கனம்.

தலைக்கோட்டின் தொல்லை

மறைந்த உருக்கள் படங்களில் மட்டும் இருப்பதாக எண்ணலாகாது. எழுத்துகளிலும் அவை உண்டு. பெயர்ப்பலகை செய்வோர்க்குப் பெரும் தொல்லை அங்கேயே விளைகிறது. இந்தி, மராத்தி முதலிய மொழிகளை எழுதும் தேவநாகரி எழுத்துகளின் மேல் ஒரு நீண்ட தலைக்கோடு ஓடுவதைக் காணலாம். வாசிப்பவர் அதனை ஒரே கோடாகக் கருதுகிறார். எழுத்துருவில் அஃது ஒரே கோடு அன்று. ஒவ்வோர் எழுத்தும் தன் தலைமேல் தன் பங்குக் கோட்டைச் சுமந்து வருகிறது. அடுத்த எழுத்தோடு சேருமிடத்தில் இடைவெளி தெரியாமலிருக்க, கோட்டின் முனை பக்கத்து எழுத்தின்மேல் சற்றே படியுமாறு பல எழுத்துருக்கள் அமைக்கப்பட்டுள்ளன.

மயிற்படத்தின் கீழே, மயிலைக் குறிக்கும் 'மோர்' என்னும் இந்திச் சொல்லைச் செதுக்க வேண்டுமெனக் கொள்க. (தமிழ்ச் செவிக்கு இச்சொல் வேறொன்றை நினைவூட்டும், அது வேறு செய்தி.) தேவநாகரியில் இது மகரம், ஓகாரக் குறி, ரகரம் என்னும் மூன்று உருக்களால் ஆவது, இணைப்பிடங்கள் இரண்டு. எழுத்துகளை எல்லைக்கோடுகளாக மாற்றிக் கோட்டுமுறையில் செதுக்கினால், தலைக்கோட்டின் குறுக்கே இணைப்பிடந்தோறும் இரு சிறு செங்குத்துக் கோடுகள் தோன்றி, ஒரே கோட்டை மூன்று துண்டாகக் காட்டும். வரிமுறையில் ஒற்றை இரட்டை விதியால், படிந்த இடம் எரியாமல், மெல்லிய வெண்கீற்றாக நின்றுவிடும். பலகையைப் பெற்றவர் தம் பெயரின் தலையில் கீறல் விழுந்திருப்பதாகவே காண்பார்.

பரிகாரம் இணைத்தல். மூன்று உருக்களையும் தேர்ந்து யூனியன் கட்டளை கொடுத்தால் உட்கோடுகள் யாவும் மறைந்து தலைக்கோடு உண்மையிலேயே ஒன்றாகிவிடும். இங்குக் கழித்தலைக் கையாளுவது தவறு. அது வெண்கீற்றுக்குப் பதிலாக இரட்டைக் கோட்டைத் தரும். வங்க எழுத்துக்கும், பஞ்சாபியை எழுதும் குர்முகிக்கும் தலைக்கோடு உண்டாதலால் இதே முறை பொருந்தும். தலைக்கோடு இல்லாத எழுத்துகளிலும், ஓர் எழுத்தையே பல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து அமைக்கும் எழுத்துருக்கள் இருப்பதால், எல்லைக்கோட்டுத் தோற்றத்தில் ஒருமுறை பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

இணைத்த பின்னர் அவை எழுத்துகள் அல்ல, வெறும் உருக்கள். எழுத்துப் பிழையைத் தட்டச்சால் திருத்த முடியாது. ஆகவே, சொல் பிழையற்றதென்று அம்மொழி அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பின்னரே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

வளைகோடுகளும் துணுக்குகளும்

வெக்டர் படங்களின் வளைகோடுகள் பெரும்பாலும் பெஸ்யே வளைகோடுகள். பிரான்சில் ரெனோ மோட்டார் நிறுவனத்தில் பியர் பெஸ்யே என்பவரும், அவருக்கு முன்னரே 1959-இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்யோ என்பவரும் கார்களின் உடல்வடிவை வரைவதற்காக இவற்றை உருவாக்கினர். இவ்வளைகோட்டை எவ்விடத்தில் அறுத்தாலும் கிடைக்கும் இரு துண்டுகளும் பிழையேதுமற்ற பெஸ்யே வளைகோடுகளே என்பது இவற்றின் சிறப்பு. ஆயின் எவ்விடத்தில் அறுப்பது என்பதைக் காண்பது எளிதன்று. மூன்றாம் படி வளைகோடுகள் இரண்டு ஒன்றையொன்று ஒன்பது இடங்கள் வரை வெட்டிக்கொள்ளலாம். அவ்விடங்களைக் காண ஒன்பதாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அத்தகைய சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாதாதலால், கணிப்பொறி தோராயமாக நெருங்கி நெருங்கியே விடை காண்கிறது.

இத்தோராயத்தின் விளைவைப் பட்டறையில் காணலாம். ஓரங்கள் ஏறத்தாழப் பொருந்தியும் சரியாகப் பொருந்தாமலும் உள்ள இரு உருக்களைக் கழித்தால், நூறில் ஒரு பங்கு மி.மீ. அகலமுள்ள துணுக்குகள் உதிர்ந்து கோப்பில் தங்கிவிடும். கண்ணுக்கு அவை தெரியா. ஒளிமுனை அவற்றையும் ஒழுங்காகச் சென்று சந்திக்கும். நுணுக்கமான திருப்பங்களில் வேகம் குறைவதால் அங்குக் கரும்புள்ளிகள் விழும். ஆகவே கழித்தல்கள் முடிந்ததும், கூட்டு உருக்களைத் தனித்தனியாகப் பிரித்து, மிகச் சிறியவற்றைத் தேடி நீக்கிவிட வேண்டும். எழுத்துகளின் உள்துளைகளைப் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பிரித்தால் துளை அடைபட்டுவிடும்.

லைட்பர்ன் போன்ற லேசர் மென்பொருள்களில் இரட்டை உருக்களை அழிக்கும் கட்டளையும், ஒன்றன்மேல் ஒன்று ஓடும் கோடுகளைத் தவிர்க்கும் ஏற்பாடும் உள்ளன. முன்னது முழுவதும் ஒத்த உருக்களையே கண்டுகொள்ளும். பிறையும் வட்டமும் போல் ஓர் ஓரம் மட்டும் ஒத்தவற்றை விட்டுவிடும். பின்னது அவற்றையும் கண்டுகொள்ளுமாயினும், எவ்வளவு நெருங்கிய கோடுகளை ஒன்றாகக் கொள்வது என்னும் அளவைத் தாராளமாக வைத்தால், உண்மையான நுண்கோடுகளையும் விழுங்கிவிடக்கூடும். படத்தைத் திருத்தி அனுப்புவதே நன்று. யந்திரத்தின் காவலை இரண்டாவது காவலாகக் கொள்ளலாம்.

சோதித்துப் பார்த்தல்

செதுக்குமுன் மென்பொருளின் முன்னோட்டத்தில் ஒளிமுனை செல்லும் வழியை மெதுவாக ஓடவிட்டுக் காண வேண்டும். முனை ஏற்கெனவே சென்ற கோட்டின்மேல் மீண்டும் செல்லுமாயின் அங்கு இரட்டைக்கோடு உண்டு. முன்னோட்டம் காட்டும் மொத்த நீளமும் பயனுடையது. இரு வட்டங்களின் கணக்கில் கண்டவாறு, களையெடுப்புக்குப் பின்னும் நீளம் குறையவில்லையெனில், வேண்டாத கோடு மறைந்த இடத்தில் வேறொன்று இரட்டித்திருக்கிறது என ஐயுறலாம்.

அதன்பின் ஓர் அட்டையில், குறைந்த சக்தியில், உண்மையான அளவிலேயே ஒருமுறை செதுக்கிப் பார்க்கலாம். சிறிதாக்கிப் பார்ப்பது பயன்படாது; 0.4 மி.மீ. வரப்பைப் பாதியாக்கினால் அது எரிந்துபோய், நல்ல படமும் கெட்ட படமாகத் தோன்றும். அட்டையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், ஒருமுறை எரிந்த கோடு பழுப்பாகவும், இருமுறை எரிந்தது ஒளி கசியும் பிளவாகவும் தெரியும். அக்ரிலிக் என்று எண்ணிப் பி.வி.சி. தகட்டை எக்காரணத்தாலும் சோதனைக்கு எடுக்கலாகாது. சூடேறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்பட்டு நுரையீரலுக்கும் யந்திரத்தின் வில்லைக்கும் கேடு விளைக்கும். சோதனைத் துண்டு எவ்வளவு சிறியதாயினும், ஒளி எரிந்துகொண்டிருக்கும் வரை யந்திரத்தைவிட்டு அகலாமலும், தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தும் வேலை செய்வது பட்டறையின் விதி. அட்டையில் பிளவு தெரிந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கோப்பில் அதே இடங்களில் உள்ள இணைக்கோட்டை அறுத்து நீக்கிய பின்னர், தேக்குப் பெட்டியின் மூடியை யந்திரத்தின் மேடைமேல் வைக்கலாம்.